பார்ட்டி ஸ்பீக்கர் என்று விற்றுவிட்டு, பார்ட்டி வைத்ததால் வாரண்ட்டி இல்லையாம்

பெறுநர்: வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்கள்

பொருள்: 2.1 பார்ட்டி ஸ்பீக்கர், வாரண்ட்டி மறுப்பு, பணத்தைத் திருப்பிக் கேட்பது தொடர்பாக

வணக்கம்.

முதலில் ஒரு வேண்டுகோள். இதைப் படித்ததும் "தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்று அந்தத் தானியங்கி மெயிலைத் தட்டிவிடாதீர்கள். என் இன்பாக்ஸில் அது மட்டுமே ஒரு பக்கத்துக்கு இருக்கிறது. ஒரு மனிதர் படித்து, ஒரு மனிதர் பதில் எழுத வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

உங்கள் காந்திபுரம் சர்வீஸ் சென்டரில் எனக்குக் கொடுத்த ஜாப் ஷீட்டில் எழுதியிருப்பதை அப்படியே தருகிறேன்: "வாய்ஸ் காயில் எரிந்துள்ளது. வாடிக்கையாளர் தவறான பயன்பாடு. பார்ட்டி யூஸ். வாரண்ட்டி கிடையாது." வாய்ஸ் காயில் என்றால் ஸ்பீக்கருக்குள் இருக்கும் கம்பிச் சுருள். பார்ட்டி யூஸ்! சார், அட்டைப்பெட்டியில் நீங்கள் போட்டிருக்கும் படத்தைக் கொஞ்சம் எடுத்துப் பாருங்கள். பத்துப் பதினைந்து பேர் கையைத் தூக்கி ஆடிக்கொண்டிருக்கிறார்கள். ரிமோட்டில் மேலே வலது மூலையில் பெரிய சிவப்புப் பட்டன், அதன் பெயரே பார்ட்டி மோட். அதை அமுக்கினால் லைட்டெல்லாம் மினுக்கி பாஸ் தானாக ஏறும். அப்படி ஒரு பட்டனை வைத்தது நானா? மழையில் நனைத்துவிட்டாய் என்று குடைக்கு வாரண்ட்டி மறுக்கிற கதையாக இருக்கிறது இது.

நான் கோவையில் இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். சரவணம்பட்டி பக்கம் நான்கு பேர் சேர்ந்து வீடு எடுத்துத் தங்கியிருக்கிறோம். எங்கள் வீட்டு ஹால் கொஞ்சம் பெரியது என்பதால் யாருக்குப் பிறந்தநாள் என்றாலும், மேட்ச் என்றாலும், செமஸ்டர் முடிந்தது என்றாலும் கூட்டம் எங்கள் வீட்டில்தான். அதற்காகத்தான் ஸ்பீக்கர். வாங்குவதற்கு முன்னால் சும்மா கண்ணை மூடிக்கொண்டு வாங்கவில்லை. சவுண்ட்பார் பார்த்தோம், ஆனால் எங்களிடம் டிவியே கிடையாது, டிவியோடு இணைக்கும் எச்டிஎம்ஐ ஏஆர்சி போர்ட்டுக்கு எதற்குத் தனியாகக் காசு கொடுக்க வேண்டும் என்று விட்டோம். டிராலி ஸ்பீக்கர் பார்த்தோம், அதில் மைக், பேட்டரி, சக்கரம் எல்லாம் இருந்தது, ஆனால் கடையில் போட்டுக் காட்டியபோது பாட்டில் வார்த்தையே புரியவில்லை, வெறும் டொம் டொம். எங்கள் சீனியர் ஒருவர் பழைய ஆம்ப்ளிஃபயரும் ஒரு ஜோடி புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கரும் செகண்ட் ஹேண்டில் எடுத்துக்கொள்ளச் சொன்னார், இதே விலைக்கு அதில்தான் சவுண்ட் சுத்தமாக இருக்கும் என்றார். எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போனால் இன்னும் மலிவாகக் கிடைக்கும் என்றும் சொன்னார். நான்தான் வேண்டாம் என்று சொன்னேன். ஏன் தெரியுமா? பழைய சாமானுக்கு வாரண்ட்டி கிடையாது. உங்களுடையதற்கு ஒரு வருட வாரண்ட்டி இருக்கிறது. அந்த ஒரு காரணத்துக்காக 7,499 ரூபாய் உங்கள் வெப்சைட்டிலேயே கட்டினேன், இன்னொரு ஆஃபர் தளத்தில் கொஞ்சம் குறைவாக இருந்தும்.

அதற்கு முன்னால் உங்கள் சாட்டில் கேட்டேன்: "ஹாலில் பதினைந்து இருபது பேர் இருந்தால் கேட்குமா, பார்ட்டிக்குத் தாங்குமா?" உங்கள் ஆள் "வீட்டுப் பார்ட்டிக்கு மிகப் பொருத்தமான மாடல்" என்று பதில் போட்டு, கூடவே ஒரு நெருப்புப் படமும் போட்டார். ஸ்கிரீன்ஷாட்டை இணைத்திருக்கிறேன். இப்போது காயில்தான் நெருப்பாகிவிட்டது.

தீபாவளி சமயத்தில் வாங்கியது, பொங்கல் வரைக்கும் ஒழுங்காகத்தான் ஓடியது என்பதை ஒப்புக்கொள்கிறேன், பொய் சொல்ல வேண்டிய அவசியம் எனக்கில்லை. அப்புறம் சப்வூஃபர், அதாவது பாஸ் தருகிற பெரிய பெட்டி, கரகரக்க ஆரம்பித்தது. வால்யூம் 40 வரைக்கும் இருக்கிறது, 22-ஐத் தாண்டினாலே பாஸ் வருகிற இடத்திலெல்லாம் காகிதம் கிழிகிற சத்தம். ப்ளூடூத் என்று நினைத்து ஆக்ஸ் வயர் போட்டுப் பார்த்தோம், பென் டிரைவ் போட்டுப் பார்த்தோம், எல்லாவற்றிலும் அதேதான். கூட வருகிற இரண்டு சின்ன ஸ்பீக்கர்களில் (சேட்டிலைட்) இடது பக்கத்தது நினைத்தால் பாடும், நினைத்தால் படுத்துக்கொள்ளும். பின்பக்கத் திருகு நாப் கொடுக்கும் தொல்லை பற்றி நான் சொல்லவே வேண்டாம், அது உங்களுக்கே தெரியும், இதே மாடலுக்கு வந்திருக்கும் ரிவ்யூக்களில் பாதி அதைப் பற்றித்தான்.

சரி, பழுதாகும், மின்சாதனம்தானே. எனக்கு ஆத்திரம் பழுதில் இல்லை. அதற்குப் பிறகு நடந்ததில்.

உங்கள் கஸ்டமர் கேருக்குப் போன் செய்தால் தமிழுக்கு ஒரு எண்ணை அமுக்கச் சொல்கிறது, அமுக்கினால் இந்தியில் பேசுகிறார்கள். ஒரு வழியாகத் தமிழ் பேசும் ஒருவர் கிடைத்தார். அவர் பெயரை நான் இங்கே எழுதவில்லை, கால் ரெக்கார்டிங் உங்களிடம் இருக்கும், "தரத்தை மேம்படுத்துவதற்காகப் பதிவு செய்யப்படுகிறது" என்று ஒவ்வொரு முறையும் நீங்கள்தானே சொல்கிறீர்கள், தயவுசெய்து அதைப் போட்டுக் கேளுங்கள். நான் பிரச்சினையைப் பொறுமையாகச் சொல்லி முடித்ததும் அவர் சொன்னது: "தம்பி, ஏழாயிரத்து ஐந்நூறு ரூவாய்க்கு வாங்கிட்டு கச்சேரி மாதிரி கேக்கணும்னா எப்படி? காசுக்கேத்த சவுண்டுதான் வரும்." சொல்லிவிட்டுப் பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ சொல்லிச் சிரித்தார். எனக்குக் கேட்டது. ஏழாயிரத்து ஐந்நூறு அவருக்குச் சின்னத் தொகையாக இருக்கலாம். நாங்கள் நான்கு பேர் மெஸ் காசில் மிச்சம் பிடித்து, ஒருத்தன் ஞாயிற்றுக்கிழமைகளில் கேட்டரிங் வேலைக்குப் போய்ச் சேர்த்த பணம். விலை குறைந்த பொருளை வாங்குகிறவனுக்கு மரியாதையும் குறைவாகத்தான் தருவோம் என்றால் அதையும் பெட்டியில் அச்சடித்துவிடுங்கள். இதை எழுதும்போதுகூட எனக்குக் கை நடுங்குகிறது. அந்தச் சிரிப்புக்கு உங்கள் கம்பெனி எழுத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டும், பணம்கூட அப்புறம்தான்.

சப்வூஃபரை மட்டும் சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுவந்தால் போதும் என்று போனில் பேசிய அவர்தான் சொன்னார். அதைத் தூக்கிக்கொண்டு டவுன் பஸ்ஸில் போனேன், கண்டக்டர் அதற்குத் தனியாக லக்கேஜ் போட்டார். கவுண்டரில் போய் நின்றால், "சேட்டிலைட், ரிமோட், பெட்டி எல்லாம் இல்லாம எடுக்க மாட்டோம்" என்கிறார்கள். திரும்பவும் போய் எல்லாவற்றையும் தூக்கி வந்தேன். அது போகட்டும். அதைவிட மோசமானது பிறகு வந்த எஸ்எம்எஸ். "உங்கள் பொருள் தயாராக உள்ளது, பெற்றுக்கொள்ளவும்" என்று தெளிவாக வந்தது. மறுநாள் எனக்கு இன்டர்னல் தேர்வு. அந்த வாரக் கடைசியில் சீனியர்களுக்கு வீட்டில் ஃபேர்வெல் வைத்திருந்தோம், அதனால் படிப்பை விட்டுவிட்டு மத்தியான வெயிலில் போனேன். ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. குனிந்து உள்ளே போய்க் கேட்டால் சாப்பாட்டு நேரம், உட்காருங்கள் என்றார்கள். உட்கார்ந்தேன். மூன்று மணிக்கு மேல் ஒருவர் வந்து கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "உங்க பீஸ் இன்னும் சென்னைலதான் இருக்கு, இந்த மெசேஜ் சிஸ்டம் தானா அனுப்பிரும், நாங்க ஒண்ணும் பண்ண முடியாது" என்றார். வருத்தம்கூடத் தெரிவிக்கவில்லை, செல்போனைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அந்தத் தேர்வில் எனக்கு வந்த மதிப்பெண்ணை எழுத வெட்கமாக இருக்கிறது. ஃபேர்வெலை ஒரு மொபைல் போனை எவர்சில்வர் பாத்திரத்தில் போட்டு நடத்தினோம். சீனியர்கள் இப்போது வேலைக்குப் போய்விட்டார்கள், இனி அந்தக் கூட்டம் இந்த ஜென்மத்தில் சேரப்போவதில்லை. இந்த நஷ்டத்துக்கு நீங்கள் லட்ச ரூபாய் கொடுத்தாலும் ஈடாகாது என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

மன்னிக்கவும், விஷயத்துக்கு வருகிறேன்.

நாங்கள் தவறாகப் பயன்படுத்தினோம் என்கிறீர்கள். இந்த செட்டில் ஆம்ப்ளிஃபயர் சப்வூஃபர் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. ஆம்ப்ளிஃபயரைச் செய்ததும் நீங்கள், ஸ்பீக்கரைச் செய்ததும் நீங்கள், வால்யூமை 40 வரைக்கும் வைத்ததும் நீங்கள். வெளியிலிருந்து நாங்கள் வேறு ஆம்ப்ளிஃபயரைச் சொருகிக் கருக்கியிருந்தால் என் தவறு. நீங்கள் கொடுத்த வால்யூமை நீங்கள் கொடுத்த காயில் தாங்கவில்லை என்றால் அது எப்படி என் தவறாகும்? 30-க்கு மேல் வைக்காதீர்கள் என்று கையேட்டில் ஒரு வரி காட்டுங்கள், இந்தக் கடிதத்தையே வாபஸ் வாங்குகிறேன்.

இன்னொன்றும் கண்ணில் பட்டது, இது உங்களுக்குப் பிடிக்காது. பெட்டியின் முன்பக்கம் பெரிய எழுத்தில் "160 வாட்ஸ் ஆர்எம்எஸ்". பின்பக்கம் கரண்ட் வயர் நுழைகிற இடத்தில் ஒட்டியிருக்கும் சின்ன ஸ்டிக்கரில் "230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், 65 வாட்ஸ்". என் ரூம்மேட் இஇஇ (எலெக்ட்ரிக்கல் இன்ஜினியரிங்) படிக்கிறான், அவன்தான் காட்டினான். சுவரிலிருந்து 65 வாட்ஸ் எடுத்துக்கொண்டு விடாமல் 160 வாட்ஸ் வெளியே தருகிறது என்றால் நீங்கள் ஸ்பீக்கர் விற்க வேண்டாம், நேராக மின்வாரியத்துக்குப் போங்கள், தமிழ்நாட்டுக்கே பவர் கட் தீர்ந்துவிடும். ஒரு நொடி வந்து போகிற பீக் அளவைச் சொல்கிறோம் என்றால் பீக் என்று போடுங்கள். ஆர்எம்எஸ் என்றால் தொடர்ந்து தரக்கூடிய சக்தி, பிஎம்பிஓ என்ற ஊதிப் பெருக்கிய வாட்ஸ் கணக்கை ஆயிரக்கணக்கில் போட்டுப் புளுகிய காலத்துக்குப் பிறகு மக்கள் நம்புகிற ஒரே அளவு அதுதான், அதையும் கெடுத்துவிட்டீர்கள். இத்தனைக்கும் உண்மையைப் போட்டிருந்தாலும் உங்களுக்குப் பெரிய நஷ்டமில்லை. வாட்ஸ் இரண்டு மடங்கானால் சத்தம் 3 டெசிபல்தான் கூடும், காதுக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது.

அப்புறம் "கமர்ஷியல் யூஸாக இருக்கலாம்" என்று மெயிலில் ஒரு வார்த்தை விட்டிருக்கிறீர்கள். நண்பன் பிறந்தநாளுக்கு யாரிடமும் டிக்கெட் வாங்கவில்லை. இரவு 10 மணிக்கு மேல் சத்தம் கூடாது என்பதும் தெரியும், வீட்டு ஓனர் அக்கா கீழ் வீட்டில்தான் இருக்கிறார், பத்தடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போதே படியேறி வந்துவிடுவார். இதுவரை அவரே குறை சொன்னதில்லை, நீங்கள் சொல்கிறீர்கள்.

உங்கள் மேல் எனக்குத் தனிப்பட்ட கோபம் எதுவும் இல்லை. இந்தக் கடிதத்தைப் படிக்கிறவர் நல்லவராகக்கூட இருக்கலாம். அதனால் மரியாதையாகவே கேட்கிறேன்: 7,499 ரூபாயைத் திருப்பிக் கொடுங்கள், அல்லது புதிய செட் கொடுங்கள், அதுவும் இதே மாடல் வேண்டாம். ரிப்பேர் செய்து தருகிறோம், 2,800 ரூபாய் கட்டுங்கள் என்ற அந்த எஸ்டிமேட்டை நான் ஏற்கவில்லை. அந்தக் காசுக்கு ரிச்சி ஸ்ட்ரீட்டில் வேறு வூஃபரே வாங்கிவிடலாம்.

15 நாளுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால் முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் போகும். அதிலும் நீங்கள் அசையவில்லை என்றால் நுகர்வோர் வழக்குகளுக்கான அரசின் இ-ஜாக்ரிதி இணையதளம் வழியாகக் கோவை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடுப்பேன். உங்கள் தலைமை அலுவலகம் வேறு மாநிலத்தில் இருப்பதால் பையன் எங்கே வரப்போகிறான் என்று நினைக்க வேண்டாம். 2019-ம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரை வாங்கிய பொருளுக்குக் கட்டணமும் கிடையாது, வக்கீல் இல்லாமல் நானே வாதாடலாம். அந்த 160 வாட்ஸ், 65 வாட்ஸ் இரண்டு போட்டோக்களையும் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்குத் தனியாக அனுப்புவேன். தவறான விளம்பரத்துக்கு அவர்கள் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போடலாம் என்பது உங்கள் சட்டப் பிரிவுக்குத் தெரிந்திருக்கும், கேட்டுப் பாருங்கள்.

அதெல்லாம் நடக்க வேண்டாம் என்றுதான் எனக்கும் ஆசை. அடுத்த மாதம் செமஸ்டர், கோர்ட்டுக்கு அலைய எனக்கு நேரமில்லை. ஆனால் அந்தச் சிரிப்பை நினைத்தால் நேரம் கிடைத்துவிடும் போலத்தான் இருக்கிறது.

பில், ஜாப் ஷீட், சாட் ஸ்கிரீன்ஷாட், அந்த எஸ்எம்எஸ், பெட்டியின் முன்பக்க, பின்பக்கப் போட்டோக்கள், சப்வூஃபர் கரகரக்கும் வீடியோ எல்லாவற்றையும் இணைத்திருக்கிறேன். வீடியோவை ஹெட்போனில் கேளுங்கள், போன் ஸ்பீக்கரில் கேட்டுவிட்டு ஒன்றும் தெரியவில்லை என்று மூடிவிடாதீர்கள். காலை 9 முதல் மாலை 4 வரை வகுப்பில் இருப்பேன், அந்த நேரத்தில் ஒரு ரிங் விட்டு கட் செய்துவிட்டு "வாடிக்கையாளர் எடுக்கவில்லை" என்று டிக்கெட்டை மூடும் வேலை இனி வேண்டாம். பதிலை மெயிலில் அனுப்பவும்.

இப்படிக்கு,
இன்னும் உங்கள் வாடிக்கையாளர்தான்
கோயம்புத்தூர்