கொழும்பு மத்தியின் மூன்று ஆசனங்கள்: தேர்தல் முறை மாற்றத்தைப் பரிசீலிப்போருக்கு ஒரு திறந்த மடல்

மாண்புமிகு பாராளுமன்ற உறுப்பினர்களுக்கு,

வணக்கம். மாகாண சபைத் தேர்தலுக்காகத் தொகுதி எல்லைகள் வரையப்படும்போது கொழும்பு மத்தியை ஒன்றுக்கு மேற்பட்ட உறுப்பினர்களைத் தெரிவு செய்யும் பல அங்கத்தவர் தொகுதியாகவே அமைக்க வேண்டும் என்று கேட்டு இம்மடலை எழுதுகிறேன். மாகாண சபைத் தேர்தலில் தொகுதி முறையையும் விகிதாசார முறையையும் கலந்த 2017 ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம், அதன்படி தயாரான எல்லை நிர்ணய அறிக்கையை 2018 ஆகஸ்டில் பாராளுமன்றம் நிராகரித்தது, 2019 இல் மேல் மாகாண சபையின் ஆயுள் முடிந்தது என எல்லாம் தாங்கள் அறிந்தவையே.

1947 இல் இத்தொகுதி தொழிற் கட்சியின் ஏ. ஈ. குணசிங்க, ஐக்கிய தேசியக் கட்சியின் ரி. பி. ஜாயா, கம்யூனிஸ்ட் கட்சியின் பீற்றர் கெனமன் ஆகிய மூவரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. ஒருவர் சிங்களவர், ஒருவர் மலாயர், ஒருவர் பறங்கியர். வாக்காளர் ஒவ்வொருவருக்கும் மூன்று வாக்குகள் இருந்தன. அவற்றைப் பிரித்தும் இடலாம், மூன்றையும் ஒருவருக்கே இடலாம் என்பதால், எண்ணிக்கையில் சிறிய சமூகமும் தன் வாக்குகளைக் குவித்து ஓர் ஆசனத்தைப் பெற வழியிருந்தது. 1977 இல் ஐக்கிய தேசியக் கட்சி 140 ஆசனங்களை வென்று, ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சி வெறும் 8 ஆசனங்களுக்குச் சுருங்கியபோதும், அந்த எட்டில் ஒன்று கொழும்பு மத்தியில் ஹலீம் இஸ்ஹாக் வென்றது. ஆர். பிரேமதாசவும் ஜாபிர் ஏ. காதரும் ஆளுங்கட்சியில் இருக்க, எதிர்க்கட்சிக்கு வாக்களித்தவர்களுக்கும் கதவைத் தட்ட ஒருவர் இருந்தார். முப்பது ஆண்டுகள் தொடர்ந்து உறுப்பினராக இருந்து அத்தேர்தலில் தோற்ற கெனமனும், அவருக்குப் பின் பிரேமதாசவும் வீடமைப்பு அமைச்சர்களாக இருந்தவர்கள். பொதுக்குழாயில் வரிசையில் நிற்கும் மக்களின் தொகுதியிலிருந்து அவர்கள் வந்தது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை.

பின்னர் அந்த முறை அகற்றப்பட்டு, மாவட்டம் முழுவதற்குமான கட்சிப் பட்டியலிலுள்ள வேட்பாளர்களுக்கு விருப்பு வாக்கு இடும் முறை வந்தது. இன்றைய நிலைமையையும் சொல்ல வேண்டும். தோட்டம் என்று நாங்கள் அழைக்கும் எங்கள் நெருக்கமான நகரக் குடியிருப்பில் ஒற்றை அறையில் வாழும் ஒரு மூதாட்டிக்கு, வீட்டைக் காலி செய்து தொடர்மாடிக்குச் செல்லுமாறு ஒரு கடிதம் வந்தது. முழுவதும் சிங்களத்தில் இருந்த அக்கடிதத்தைத் தண்ணீர்க் கட்டணப் பட்டியலோடும் வாக்காளர் இடாப்பின் பிரதியோடும் பொலித்தீன் பையில் சுற்றிக்கொண்டு அவர் அலைந்தார். ஆட்சேபிப்பதற்கான இறுதித் திகதி அதன் கடைசி வரியில் இருந்ததை, அத்திகதி கடந்த பிறகே பக்கத்து வீட்டுப் பிள்ளை வாசித்துச் சொன்னாள். நான் அவரை ஓர் அரசியல் அலுவலகத்துக்கு அழைத்துச் சென்றபோது, விருப்பு வாக்கு மாவட்டம் முழுவதிலுமிருந்து கிடைத்தது, உங்கள் பகுதியை வேறொருவர் பார்க்கிறார் என்றார்கள். அந்த வேறொருவர் யார் என்று சொல்ல அங்கே எவராலும் முடியவில்லை.

கொழும்பு மாவட்டம் முழுவதும் சுவரொட்டி ஒட்டப் பணம் உள்ளவரே வெல்லக்கூடிய முறையில், வாழைத்தோட்டத்திலோ ஜிந்துப்பிட்டியிலோ பிறந்து வளர்ந்த ஒருவர் எப்படி வெல்வார்? பழைய முறையை அகற்றியவர்களும், விருப்பு வாக்கைக் குறை கூறியபடியே அதில் வென்று வந்தவர்களும் இக்கேள்விக்கு எங்களுக்கு இதுவரை பதில் சொல்லவில்லை. மாகாண சபை ஆண்டுக்கணக்கில் மக்கள் பிரதிநிதிகள் இன்றிக் கிடப்பதைப் பற்றியும் எவரும் வெட்கப்பட்டதாகத் தெரியவில்லை. கடுமையாக எழுதிவிட்டேன் என்றால் பொறுத்தருள்க. ஆனால் சொன்னதில் எதையும் மாற்றிக்கொள்ள மாட்டேன்.

தொகுதிக்கு ஒருவர் என்ற தனி அங்கத்தவர் முறை மட்டும் திரும்பினால், கலந்து வாழும் எங்கள் தெருக்களில் பெரும்பான்மையாக உள்ளவர் ஒருவரே வெல்வார், மற்றோர் வெளியே நிற்பார்கள். ஆகவே கொழும்பு மத்திக்கு மூன்று உறுப்பினர்களும் வாக்காளருக்கு மூன்று வாக்குகளும் கிடைக்க சட்டமூலத்தில் இடம்வைக்குமாறும், எல்லைகளை இறுதி செய்வதற்கு முன் இப்பகுதி மக்களிடம் தமிழிலும் கருத்துக் கேட்குமாறும் தங்களைப் பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
கொழும்பு மத்தி வாக்காளர் ஒருவர்