இடது ஓரம் தளர்ந்த துணி

சொலோலா, குவாத்தமாலா,
வெள்ளிக்கிழமை, சந்தை கலைந்த பிறகு

அன்புள்ள சின்னவனுக்கு,

அம்மா எழுதுகிறேன். அக்கா செவ்வாய்க்கிழமை நூல் வாங்கத் தலைநகருக்கு வருகிறாள். அவள் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். போனில் குரல் செய்தி அனுப்பினால் நீ கேட்டுவிட்டதற்கு அடையாளம் விழுகிறது, பதில்தான் வருவதில்லை. கடிதம் என்றால் கடையைச் சாத்திவிட்டு நிதானமாகப் படிக்கலாம். நம் கக்சிக்கேல் மொழியிலேயே எழுதுகிறேன். ஸ்பானிய மொழியில் எழுத உட்கார்ந்தால் விண்ணப்பம் எழுதுவதுபோல் ஆகிவிடுகிறது. எழுத்துப் பிழை இருந்தால் சிரிக்காதே. ஐம்பது வயதுக்கு மேல் முதியோர் வகுப்பில் உட்கார்ந்து கற்றுக்கொண்ட கை இது.

இங்கே எல்லோரும் நலம். மேல் கொல்லையில் மக்காச்சோளம் நன்றாக வந்திருக்கிறது, இன்னும் மூன்று வாரத்தில் ஒடிக்கலாம். நீ போட்டுக் கொடுத்த தகரக் கூரை இந்த மழைக்கு ஒரு சொட்டு ஒழுகவில்லை. பக்கத்து வீட்டுக்காரி பார்க்கும்போதெல்லாம் கேட்கிறாள், நானும் பார்க்கும்போதெல்லாம் "என் சின்னவன் போட்டது" என்று சொல்கிறேன். அதில் எனக்குச் சலிப்பில்லை. நீ வாங்கித் தந்த கண்ணாடியைப் போட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். ஊசியில் நூல் கோக்க முடிகிறது இப்போது.

அந்தக் கண்ணாடியால்தான் துணியையும் பார்த்தேன்.

ஆகஸ்ட் திருவிழாவுக்கு நீங்கள் வரவில்லை. மருமகள் நெய்த ரொட்டிக் கூடைத் துணி மட்டும் வந்தது. நல்ல சிவப்பு, பறவைக் கோலம், அவள் கை வேலையில் குறை சொல்ல முடியாது. ஆனால் பாதிக்கு மேல் இடது ஓரம் தளர்ந்திருக்கிறது. வலது ஓரம் கயிறுபோல் இறுகி நிற்க, இடது ஓரம் அலை அலையாகப் போகிறது. நீ ஆண்பிள்ளை, உனக்கு இது தெரியாது. இடுப்புத் தறியில் பாவைப் பிடித்து நிறுத்துவது நெய்கிறவளின் உடம்புதான். ஒரு முனை தூணில், மறு முனை அவள் இடுப்பு வாரில். நேராக உட்கார்ந்தால் துணி நேராக வரும். ஒரு பக்கம் சாய்ந்து உட்கார்ந்தால் மறு பக்கத்துப் பாவு தளரும். முதல் இரண்டு சாண் நேராக நெய்தவள், அதற்கு மேல் ஏன் சாய்ந்து உட்கார்ந்தாள்? ஒரு பறவைக்கு ஒரு சிறகுதான் இருக்கிறது. எண்ணிக்கை தவறுகிற கை இல்லை அவள் கை. நான்தான் பெண் பார்க்கப் போனேன், அவள் தறியைப் பார்த்துவிட்டுத்தான் முகத்தையே பார்த்தேன்.

அவள் என்னிடம் எதுவும் சொல்லவில்லை. இன்னொரு தடவையும் எழுதுகிறேன்: அவள் என்னிடம் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. போன் செய்தால் நீதான் எடுக்கிறாய். எனக்குச் சொன்னது துணி.

சாப்பாட்டைத் தள்ளிப் போடாதே. காலை நாலு மணிக்கு எழுந்து கடை திறக்கிற பிள்ளை, பத்து மணிவரை வெறும் காப்பியில் நிற்கக் கூடாது. குடிக்காதே என்று சொல்ல மாட்டேன், போன தடவை சொன்னேன், நீ கதவைச் சாத்திக்கொண்டு போனாய். இருந்தாலும் குடிக்காதே.

அடிபட்ட பெண்கள் வந்து தங்குகிற அந்த இல்லத்தில் என்ன செய்கிறேன் என்று கல்லறைத் திருநாள் அன்று கேட்டாய், நான் பதில் சொல்வதற்குள் பேச்சு மாறிவிட்டது. இப்போது சொல்கிறேன். வருகிற பெண்கள் நம் மொழியில் சொல்வதை நான் ஸ்பானிய மொழியில் சொல்கிறேன். அவ்வளவுதான் வேலை. பல ஊர்களிலிருந்து வருகிறார்கள், கிச்சே பேசுகிறவர்கள், சுதுஹில் பேசுகிறவர்கள், அவர்களுக்கு வேறு பெண்கள் இருக்கிறார்கள். எங்கள் மொழிக்கு நான். முதல் நாள் எல்லோரும் ஒரே மாதிரிதான் தொடங்குவார்கள். "துணி துவைக்கும் தொட்டியடியில் வழுக்கி விழுந்தேன்." "விறகு சரிந்து விழுந்தது." "இருட்டில் கதவு நிலையில் இடித்துக்கொண்டேன்." தொட்டியடியில்தான் எத்தனை பேர் விழுகிறார்கள்! சொலோலா முழுக்க அவ்வளவு ஈரமா என்று ஒருநாள் வக்கீல் அம்மாவிடம் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை.

ஜூலையில் மருமகள் தொட்டியடியில் விழுந்துவிட்டாள் என்று நீ போனில் சொன்னாய். அவள் சொல்லவில்லை, நீ சொன்னாய்.

போன மாதம் ஒருத்தி வந்தாள், இருபத்தி இரண்டு வயது, முதுகில் கைக்குழந்தை, கக்கத்தில் சுருட்டிய தறி. மாற்றுத் துணிகூட இல்லை, தறியை மட்டும் எடுத்துக்கொண்டு ஓடி வந்திருக்கிறாள். முன்பே ஒரு காவல் நிலையத்துக்குப் போயிருக்கிறாள். அங்கே கக்சிக்கேல் தெரிந்தவர் யாரும் இல்லை. அவளைத் தேடிக்கொண்டு பின்னாலேயே வந்த புருஷனையே மொழிபெயர்க்கச் சொல்லியிருக்கிறார்கள்! அவன் என்ன மொழிபெயர்த்திருப்பான்? "விழுந்துவிட்டாள் என்கிறாள்." அதை எழுதி, அவள் கட்டைவிரலை வைக்கச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அதைக் கேட்டதிலிருந்துதான் நான் வெள்ளிக்கிழமைச் சந்தைக்கும் போகாமல் அங்கேயே கிடக்கிறேன். வயதான காலத்தில் எதற்கு இந்த அலைச்சல் என்று கேட்டாயே, அதற்குத்தான்.

இல்லத்தில் முதலில் செய்வது வழக்கு இல்லை, தூக்கம். இரண்டு நாள் தூங்குவார்கள். பிறகு அவள் பெயரில் அடையாள அட்டை இருக்கிறதா என்று பார்ப்போம். பாதிப் பேருடைய அட்டை புருஷன் பெட்டியில் இருக்கும். பிறகு பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், பிறகு அவள் பெயரில் ஒரு வங்கிக் கணக்கு. தறி இல்லாதவளுக்குத் தறி. ஒரு ஹுய்ப்பில் மேல்சட்டை நெய்து முடிக்க இரண்டு மூன்று மாதம் ஆகிறது, இடைத்தரகர் நூல் விலைக்குக் கொஞ்சம் மேலே கொடுத்து வாங்கிப் போகிறார். அதனால் சேர்ந்து விற்கிறார்கள். முதல் பணம் கைக்கு வந்த அன்று அந்த இருபத்தி இரண்டு வயதுக்காரி பிள்ளைக்குச் செருப்பு வாங்கினாள், மீதியை இடுப்புக் கச்சைக்குள் வைத்துக்கொண்டு, வைத்த இடத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தாள். யாரிடமும் கணக்குச் சொல்ல வேண்டாம் என்று நாங்கள் சொன்னது அவளுக்கு விளங்கவே ஒரு வாரம் ஆனது.

அங்கே சுவரில் 2008-ஆம் ஆண்டுச் சட்டத்தை ஒட்டி வைத்திருக்கிறார்கள். மொழிபெயர்த்து மொழிபெயர்த்து எனக்கு மனப்பாடம். மனைவியை அடித்தால் 5 முதல் 12 ஆண்டு. மனத்தை வதைத்தாலும், அவள் பணத்தையும் பொருளையும் பிடுங்கி வைத்துக்கொண்டாலும் 5 முதல் 8. எங்கள் ஊர் வழக்கம், எங்கள் மதம் என்று சொல்லித் தப்ப முடியாது, அதையும் எழுதியே வைத்திருக்கிறார்கள். 1572 என்று ஒரு எண் இருக்கிறது, எந்தப் போனிலிருந்தும் அழைக்கலாம். அதற்கு முன்பே 1996-இல் ஒரு சட்டம் வந்தது, அடிக்கிறவனை வீட்டை விட்டு ஆறு மாதம்வரை வெளியேற்ற நீதிபதி உத்தரவிடலாம் என்று. வெளியேற வேண்டியவன் அவன் என்பதைக் கவனி. இதையெல்லாம் உனக்கு எதற்கு எழுதுகிறேன்? தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது, கடைக்கு நாலு பேர் வருகிற இடம்.

கல்லறைத் திருநாளுக்கு நீ மட்டும் வந்தாய். மருமகளுக்குச் சளி, குழந்தைக்கும் சளி என்றாய். இரண்டு நாள் இருந்தாய். எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? அப்பாவின் கல்லறைக்கு நீயே சுண்ணாம்பு அடித்தாய், வௌவால் சின்னம் போட்ட அவருடைய பழைய மேல்சட்டையை எடுத்துத் தட்டி மடித்து வைத்தாய். குனிந்து மஞ்சள் சாமந்தியைப் பரப்பும்போது உன் இடுப்பில் சாவிக்கொத்து தொங்கியது. கடையின் கம்பிக்கதவுச் சாவி எனக்குத் தெரியும், போன வருடம் உங்களோடு பதினைந்து நாள் இருந்தேனே, நான்தான் காலையில் திறந்துவிடுவேன். அதற்கு இரண்டு சாவி. இரண்டும் உன் கொத்தில் இருந்தன.

நான் கேட்கவில்லை. உனக்கு இன்னும் இரண்டு ரொட்டி வைத்தேன்.

தலைநகரில் கம்பி இல்லாமல் கடை நடத்த முடியாது, மிரட்டிப் பணம் பறிக்கிறவர்கள் இருக்கிறார்கள், எல்லாம் தெரியும். உள்ளே இருக்கிறவளிடம் சாவி இருந்தால் திருடன் வந்துவிடுவானா? தீப்பிடித்தால் என்ன செய்வாள்? ஒரு சாவியை அவளிடம் கொடு. அவள் நெய்து விற்ற பணத்தையும் அவளிடமே கொடு. இதை ஏன் கேட்கிறாய் என்று நீ கேட்டால் எனக்குப் பதில் இல்லை, ஒரு சாவியைக் கொடு.

உன்னைத் திட்டவா எழுத உட்கார்ந்தேன்? உன்னைப்போல் பிள்ளை இந்தத் தெருவில் யாருக்கு இருக்கிறான்? பதினைந்து வயதில் ஒரு பெட்டி மிட்டாயோடு பஸ் ஏறினாய், இன்று சொந்தக் கடை. அப்பாவைப் புதைக்க நீ அனுப்பிய பணத்தில்தான் பெட்டி வாங்கினோம்.

அப்பாவைப் பற்றி உங்களுக்கு நான் ஒரு பொய் சொல்லியிருக்கிறேன். போர்தான் அவரைக் கெடுத்தது, ராணுவம் ஊர்க்காவல் ரோந்துக்கு இழுத்துப் போனதிலிருந்துதான் குடி, அதிலிருந்துதான் கை நீட்டுவது என்று சொல்லி வளர்த்தேன். ரோந்து வந்தது எண்பதுகளில். அவர் என்னை முதலில் அடித்தது 1976 பூகம்பம் முடிந்த மறு வாரம். வீடு விழுந்துவிட்டது, ஊரே வெளியில் சோளத்தட்டைப் பந்தலில் படுத்திருந்தது, நடுவே சுவர் இல்லை. எல்லோருக்கும் கேட்டது. யாரும் எழுந்து வரவில்லை. காலையில் என் அம்மா எனக்கு மக்காச்சோளக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்துவிட்டு, தொட்டியடியில் விழுந்ததாகச் சொல் என்றாள். தொட்டியே இடிந்து கிடந்தது அப்போது.

இதை எழுதிய பிறகு அதையும் எழுதத்தான் வேண்டும். 1997. அக்கா கைக்குழந்தையோடு விடிவதற்கு முன் வந்து நின்றாள், செருப்பு இல்லாமல். சட்டம் வந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் மட்டும் என்ன செய்திருப்பேன்? மறுநாள் அவளுடைய கல்யாண ஞானத்தாயைக் கூட்டி வந்து, ஒரு கோழியைக் கையில் கொடுத்து, நானே பஸ் ஏற்றித் திருப்பி அனுப்பினேன். சாட்சிக்கு இருந்தவன் நீ. ஒன்பது வயது. வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா ஏன் போகிறாள், அழுகிறாளே" என்று கேட்டாய். "ஒன்றுமில்லை, பெண் என்றால் தாங்கிக்கொள்ள வேண்டும், நீ போய்ச் சாப்பிடு" என்றேன். நீ போய்ச் சாப்பிட்டாய்.

அதற்குப் பிறகு ஆறு வருடம் அவள் அங்கே இருந்தாள். அந்த ஆறு வருடத்தை நான்தான் கொடுத்தேன். இல்லத்தில் மற்றவர்கள் என்னைப் பாராட்டும்போது இதை யாரிடமும் சொன்னதில்லை. அவளிடமும் மன்னிப்புக் கேட்டதில்லை, போன ஞாயிறு வரை. கேட்டபோது அவள் பனஹச்சேல் கடைக்குத் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள். நிமிராமல், "சின்னவன் வீட்டில் என்ன" என்றாள். துணியைக் காட்டினேன். விரலால் இடது ஓரத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "விலா" என்றாள். அவ்வளவுதான்.

அக்கா நூல் வாங்க வரவில்லை. சல்காஹாவில் கிடைக்காத நூலா, அதற்காகத் தலைநகர் வரை யார் வருவார்கள்? மருமகளுக்கும் குழந்தைக்கும் திரும்பி வர பஸ் டிக்கெட் பணம் அவளிடம் இருக்கிறது, அவள் கடையில் சம்பாதித்த பணம். மருமகள் வந்தால் வரட்டும், வேண்டாம் என்றால் வேண்டாம், அதை அவள் வாயால் அக்காவிடம் சொல்லட்டும், நீ பக்கத்தில் நிற்காமல். நீ படித்து முடிக்கும்வரை கம்பிக்கு வெளியே நின்றுகொண்டிருக்கச் சொல்லியிருக்கிறேன். நிமிர்ந்து பார்த்தால் தெரிவாள்.

கதவைத் திறந்துவிடு. அவளுக்கு இடது காது கேட்காது, வலப் பக்கம் வந்து பேசு.

அம்மா