தீ ஏன் மேல போகுதுன்னு உன் பொண்ணு கேட்டாளே

டேய் நண்பா,

உன் மெயில் வந்து ஒரு வாரம் ஆச்சு, வீடு மாத்துற வேலை முடிஞ்சு இப்பதான் உக்காந்தேன், மன்னிச்சுக்கோ. மெழுகுவர்த்திய சாய்ச்சு பிடிச்சாலும் தீ மட்டும் ஏன் நேரா மேல போகுதுன்னு உன் பொண்ணு கேட்டாளாமே, அந்த கேள்வி என்னை விடவே இல்லடா.

இதுக்கு பதில் சுத்தி இருக்குற காத்துகிட்ட தான் இருக்கு. எரியிற கேஸ் ஆயிரம் டிகிரிக்கு மேல சூடாகி விரிஞ்சு, அதே அளவு காத்தோட எடையில நாலுல ஒரு பங்கு கூட இல்லாம போயிடுது, உடனே புவியீர்ப்பு கனமான குளிர்ந்த காத்த அடியில இழுக்க, அது இந்த லேசான கேஸ மேல தள்ளுது, தண்ணிக்குள்ள அமுக்குன பந்து மேல வர்ற மாதிரியே தான். அப்படி அடியில வர்ற காத்துதான் தீக்கு ஆக்சிஜனும் கொடுக்குது, தீய கூரா இழுத்தும் விடுது. வெல்டிங் டார்ச்ல மட்டும் கேஸ் அவ்ளோ வேகமா வர்றதால காட்டுன பக்கம் எரியும், அங்க வேகம் ஜெயிச்சிடுது.

தீ துடிக்கிறதும் இதனால தான். மேல ஏறுற சூடான கேஸும் பக்கத்துல நிக்கிற காத்தும் உரசுற இடத்துல சுழல் சுழலா உருவாகி மேல போகும், சின்ன பர்னர்னா செகண்டுக்கு பத்து பன்னெண்டு தடவை, ஒரு மீட்டர் அகலத்துக்கு எரியிற தீன்னா ஒண்ணரை தடவை தான்.

எனக்கு ரொம்ப பிடிச்சது என்னன்னா, அமெரிக்காவுல கிளீவ்லாந்துல நாசாவோட ஆழமான குழி ஒண்ணு இருக்கு, எக்ஸ்பெரிமென்ட்ட அப்படியே அதுக்குள்ள 132 மீட்டர் விழ விட்டா 5.18 செகண்ட் எடையே இருக்காது. எடை போயிட்டா மேல தள்ள ஆளில்ல, மெழுகுவர்த்தி தீ உருண்டையா, மங்கலான நீலமா ஆயிடும், ஆக்சிஜன் மெல்ல ஊறித்தான் வரணும். விண்வெளி நிலையத்துல ஹெப்டேன்ங்கிற எரிபொருள் சொட்டு எரிச்சப்போ தீ அணைஞ்சது கண்ணுக்கு தெரிஞ்சுது, ஆனா சொட்டு சுருங்கிக்கிட்டே இருந்துச்சாம், அதாவது இன்னும் எரிஞ்சுக்கிட்டுதான் இருந்துச்சு, கண்ணுக்கு தெரியாத, வழக்கமான தீய விட சூடு கம்மியான ‘குளிர் தீ’! இத படிச்ச அன்னைக்கு எனக்கு தூக்கமே வரலடா. அங்க தீப்பிடிச்சா முதல்ல காத்து ஓட்டுற ஃபேன நிறுத்துவாங்க, காத்து நின்னா தீக்கு மூச்சு குறையும்.

பொண்ணுகிட்ட சொல்லு, அவ அடுத்து என்ன கேக்குறான்னு அவசியம் எழுது.