டிவி ஆப் செய்கிறவர்களுக்குச் செல்லூரிலிருந்து ஒரு மடல்

மதுரை இலந்தைக்குளம், வடபழஞ்சி ஐ.டி. பூங்காக்களில் உட்கார்ந்து டிவி ஆப்களுக்குத் திரை வடிவமைக்கும் தம்பி தங்கைகளுக்கு,

வணக்கம். செல்லூர், ஆரப்பாளையம் பக்கம் வீடு வீடாகப் போய் டிவி மாட்டுவதும் செட் டாப் பாக்ஸ் இணைத்துக் கொடுப்பதும் என் தொழில். நீங்கள் செய்து அனுப்பும் ஆப்பை வீட்டுக்காரர்களுக்குத் திறந்து காட்டுகிற ஆள் நான்தான். அது சரியில்லை என்றால் முதல் திட்டும் எனக்குத்தான். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

நீங்கள் வரைவது இரண்டடி தூரத்து மானிட்டரில். பார்க்கிறவர்கள் பத்தடி தள்ளிக் கட்டிலில் சாய்ந்திருக்கிறார்கள். ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். எங்கள் பகுதியில் நான் அதிகம் மாட்டுவது 32 இஞ்ச் டிவி. அதன் திரை உயரம் சுமார் 40 செ.மீ. மேலிருந்து கீழாக 1080 பிக்ஸல் வரிசை என்று வைத்து நீங்கள் 24 பிக்ஸலில் வைக்கும் எழுத்து, கொம்பு சுழியெல்லாம் சேர்த்து அங்கே 9 மி.மீ. வரும். பத்தடிக்கு அப்பால் இருந்து அதைப் பார்ப்பதும், ஓரடி தூரத்தில் 0.9 மி.மீ. எழுத்தைப் பார்ப்பதும் கண்ணுக்கு ஒன்றுதான். மாத்திரை அட்டையின் பின்பக்கத்தைப் படிப்பது போல. அதிலும் 32 இஞ்ச் டிவி பலவற்றில் 768 வரிசைதான் உண்டு. நீங்கள் 1080-ல் இழைத்த மெல்லிய கோடு அங்கே சுருங்கி மங்கிப்போகிறது.

ஆங்கில எழுத்து இதைக் கொஞ்சம் தாங்கும். தமிழ் தாங்காது. மெல்லிய எழுத்துருவில் முதலில் காணாமல் போவது புள்ளி. அப்புறம் 'வி'யும் 'வீ'யும் ஒன்றாகிவிடும், 'ன'வும் 'ண'வும் கலந்துவிடும். தமிழுக்கு எழுத்தைத் தடிமனாக வையுங்கள், அளவைக் கூட்டுங்கள், வரிக்கு வரி இடைவெளி விடுங்கள். ஆங்கிலச் சொல்லுக்கு அளவெடுத்த பெட்டிக்குள் தமிழைத் திணித்து, கடைசியில் மூன்று புள்ளி வைத்து வெட்டுவதையும் நிறுத்துங்கள். 'கள்ளழகர் எதிர்...' என்று பாதியில் நின்றால் அது எதிர்சேவை நேரலையா, போன வருசத்துப் பதிவா என்று யாருக்குத் தெரியும்?

எழுத்தைவிடப் பெரிய தொல்லை இன்னொன்று. சித்திரைத் திருவிழா சமயத்தில் ஒரு வீட்டில் புது டிவி மாட்டிவிட்டு, ரிமோட்டை அப்பத்தா கையில் கொடுத்தேன். நாலைந்து தடவை அம்புக்குறியை அழுத்திவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டார்: "தம்பி, நான் இப்ப எங்கப்பா இருக்கேன்?" நல்ல கேள்வி. மவுஸ் இல்லாத திரையில், தொட முடியாத திரையில், எந்தப் படத்தின் மேல் நிற்கிறோம் என்பதை ஆப்தான் காட்ட வேண்டும். அந்த ஆப் காட்டியது கருஞ்சாம்பலுக்குப் பதில் கொஞ்சம் வெளிர்சாம்பல், அவ்வளவுதான். வாசல் கதவு திறந்திருக்கிற பகல் வெளிச்சத்தில் எனக்கே தெரியவில்லை. நிற்கிற பெட்டி பெரிதாகட்டும், சுற்றிலும் தடித்த பட்டை விழட்டும். நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். ஒவ்வொரு டிவியிலும் நிறம் ஒவ்வொரு மாதிரி இருக்கும், கடையில் வைத்த பளபளப்பு மோடிலேயே பல வீடுகளில் வருசக்கணக்கில் ஓடுகிறது.

இதோடு சேர்ந்ததுதான் பேக் பட்டன். வரிசையில் பதினோராவதாக இருக்கும் சீரியலைத் தேடிப் பிடித்துத் திறந்து, பிடிக்காமல் வெளியே வந்தால், திரும்ப முதல் படத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறீர்கள். விட்ட இடத்திலேயே நிறுத்தினால் என்ன குறைந்துவிடும்?

மற்றவை உங்களுக்கே தெரிந்திருக்கும். பழைய பிக்சர் டியூப் காலத்து வழக்கப்படி இன்னும் சில டிவிகள் ஓரத்தைத் தின்றுவிடும். நாலு பக்கமும் 5 சதவீதம், அதாவது பக்கவாட்டில் 96 பிக்ஸலும் மேலும் கீழும் 54 பிக்ஸலும் விட்டு முக்கியமானதை வையுங்கள். பாஸ்வேர்டை அம்புக்குறியால் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டச் சொல்லாதீர்கள். திரையில் ஒரு சின்ன குறியீட்டைக் காட்டி போனில் முடிக்கிற முறைக்கு 2019-லேயே ஆர்எஃப்சி 8628 என்று இணையத்துக்கான பொதுத் தரம் வந்துவிட்டது. குரலில் தேடலாம் என்று மட்டும் பதில் சொல்லாதீர்கள். தறி ஓடுகிற தெருவுக்கு ஒருமுறை வந்து பேசிப் பாருங்கள், புரியும்.

நான் கேட்பது ஒன்றுதான். அடுத்த அப்டேட் வெளியிடும் முன் ஆப்பை ஒரு பென் டிரைவில் எடுத்துக்கொண்டு செல்லூருக்கு வாருங்கள். நான் கூட்டிப்போகிற வீட்டில் போட்டுவிட்டு, ரிமோட்டை அங்கே இருக்கும் மூத்தவர் கையில் கொடுத்துவிட்டு, வாயைத் திறக்காமல் கட்டில் ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். மதியம் வந்தால் நல்லது, ஜன்னல் வெளிச்சம் நேராகத் திரையில் விழும். சாயங்காலம் வேண்டாம். சீரியல் ஓடும், ரிமோட் கிடைக்காது.

இப்படிக்கு,
செல்லூர் டிவி மெக்கானிக் ஒருவன்