பின் சீட்டில் நீ சொன்னது

அண்ணே,

திதி முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு ஃபோனில் பேசலாமென்றுதான் இருந்தேன். ஃபோனில் நீ பேசுவாய், நான் "சரிண்ணே" என்பேன், அதோடு முடிந்துவிடும். வாட்ஸப்பில் எழுதினால் ஒரு கட்டைவிரலைப் போட்டுவிட்டு மீட்டிங்குக்குப் போய்விடுவாய். அதனால் இங்கே எழுதுகிறேன். இந்த வலைப்பக்கத்தை நம் உறவில் யார் யார் படிக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும் (வணக்கம் சித்தி). மதினியும் படிப்பார்கள். ஆகவே சில இடங்களைச் சுற்றிக்கொண்டுதான் போவேன். உனக்குப் புரியும்.

பந்தியில் நீ சொன்ன கதையைப் பற்றித்தான். இத்தாலியில், கியாந்தி மலைச்சாலையில் நீ வெஸ்பா ஸ்கூட்டர் ஓட்டினாயாம். நான் பின்னால் உட்கார்ந்து கண்ணை இறுக மூடிக்கொண்டு "மெதுவாப் போண்ணே, மெதுவாப் போண்ணே" என்று கத்தினேனாம். மாமா இலையைத் தட்டிச் சிரித்தார். பாயச வாளியோடு நின்றிருந்த நானும் சிரித்தேன்.

வண்டி ஓட்டியது நான்.

இதைச் சொல்ல ஒரு வலைப்பதிவா என்று நீ கேட்பாய். இரு, வருகிறேன்.

அப்பா இறந்து ஒரு வருஷம் முடியுமுன் வெளிநாடு போகலாமா என்று ஊரில் பேச்சு வந்தபோது, "பாப்பாவைப் பார்க்கத்தானே போறோம், ஊர் சுத்தவா போறோம்" என்று அம்மாவிடம் சொல்லி என் டிக்கெட்டையும் சேர்த்துப் போட்டவன் நீ. அதை நான் மறக்கவில்லை. ஒரு ரூபாய் என்னைக் கொடுக்கவிடவில்லை. பாப்பாவுக்குப் பீசாவில் பரீட்சை இருந்த இரண்டு நாளும் நம் இருவருக்கும் என்ன செய்வதென்று தெரியாமல், முதல் நாள் ரயிலேறிப் பொன்டெடேரா போனோம். வெஸ்பா செய்யும் பியாஜியோ கம்பெனியின் மியூசியத்தில் நீ எனக்குப் பாடம் நடத்தினாய். நன்றாகத்தான் நடத்தினாய். விமானம் செய்துகொண்டிருந்த தொழிற்சாலை, போரில் குண்டு விழுந்து தரைமட்டமானது. இனி எதைச் செய்து விற்பது என்று யோசித்த என்ரிகோ பியாஜியோ அந்த வேலையைக் கொடுத்தது ஹெலிகாப்டர் செய்தவரான கொராடினோ தஸ்கானியோவிடம். அவருக்கு மோட்டார் சைக்கிளே பிடிக்காது. அதனால்தான் செயின் இல்லை, எண்ணெய் உடுப்பில் படாமல் என்ஜினுக்கு மூடி, விமானச் சக்கரத்தைப் போல முன் சக்கரத்தை ஒரு பக்கம் மட்டும் பிடிக்கும் தண்டு. காப்புரிமைக்கு ஃப்ளோரன்ஸில் மனுப் போட்ட தேதி 1946 ஏப்ரல் 23. வெறும் 98 சிசி. எல்லாம் நீ சொன்னதுதான்.

வரிசையில் வெஸ்பா ஸ்பிரிண்ட் என்ற மாடல் வந்ததும் இரண்டு பேரும் பேச்சை நிறுத்திவிட்டோம். 1960களில் பியாஜியோ உரிமத்தோடு வெஸ்பா செய்த பஜாஜ், அந்த ஒப்பந்தம் முடிந்தபின் 1972இல் கொண்டுவந்த சேத்தக்குக்கு உடம்பைக் கொடுத்தது அந்த ஸ்பிரிண்ட்தான். அதே வயிறு, அதே கழுத்து. நம் வீட்டு வண்டி அங்கே கண்ணாடி மாதிரி பளபளத்துக்கொண்டு நின்றது. நீ அதன் பக்க மூடியில் கை வைத்தாய், உடனே எடுத்துக்கொண்டாய்.

மறுநாள்தான் அந்த வெஸ்பா சுற்றுலா. ஃப்ளோரன்ஸிலிருந்து வேனில் கூட்டிப்போய் ஒரு திராட்சைத் தோட்டத்து முற்றத்தில் இறக்கினார்கள். வழிகாட்டிப் பெண்ணுக்குப் பாப்பாவின் வயதுதான் இருக்கும். முதலில் எல்லோரும் சரளைக்கல் முற்றத்தில் கூம்புகளைச் சுற்றி ஓட்டிக் காட்ட வேண்டும், அவளுக்குத் திருப்தியாக இருந்தால்தான் ரோட்டுக்கு விடுவாள். முறுக்கினால் போகும், விட்டால் நிற்கும். கியரும் கிளட்சும் கிடையாது. இடக்கை பின் பிரேக், வலக்கை முன் பிரேக். தினமும் பேங்குக்கு நான் ஓட்டிப்போகும் ஸ்கூட்டிதான், கொஞ்சம் கனம் கூட. வலப்பக்கமாகவே போகவேண்டும் என்பதை மட்டும் வாய்க்குள் சொல்லிக்கொண்டே ஒரு சுற்று சுற்றினேன். "பெர்ஃபெத்தோ" என்றாள்.

அப்புறம் நீ ஏறினாய்.

ஏறிய விதத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. வண்டியை இடப்பக்கம் ஒருமுறை சாய்த்து நிமிர்த்தினாய்! பெட்ரோல் இறங்கட்டும் என்று அப்பா சேத்தக்கைச் சாய்ப்பாரே, அதேபோல. காரிலேயே இத்தனை வருஷம் போய்வந்தும் உன் உடம்புக்கு அந்த வண்டி மறக்கவில்லை. வேகம் எடுத்ததும் இடது மணிக்கட்டு தானாகத் திரும்பி இரண்டாவது கியரைத் தேடியது. கூம்பு நெருங்கியதும் வலது பாதம் தரைத்தகட்டில் பிரேக்கைத் தேடித் தேடி அமுக்கியது. பிரேக் இருந்தால்தானே. வண்டி நேரே போய் ரோஸ்மேரி வேலியில் சொருகிக்கொண்டது. இரண்டாம் தடவையும் அதே வேலி.

நான் சிரித்திருக்கக்கூடாது. அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன், இத்தனை பேர் முன்னால் கேட்கிறேன். ஆனால் அந்த அமெரிக்கத் தம்பதியும் சிரித்தார்கள், அந்தப் பெண்ணும் உதட்டைக் கடித்துக்கொண்டாள், நான் மட்டும் எப்படிச் சிரிக்காமல் இருப்பேன்? அதுவும் போக, எனக்குச் சேத்தக் கற்றுக்கொடு என்று பிளஸ் டூ லீவு முழுக்க உன் பின்னாலேயே அலைந்தேனே. "உன் கால் தரைக்கே எட்டாது" என்று திண்ணையில் உன் கூட்டாளிகள் எதிரில் நீ சிரித்த சிரிப்பு ஒன்று இருக்கிறது. அப்பாவும் அன்றைக்கு உன் பக்கம்தான். பொம்பளைப் பிள்ளைக்குக் கியர் வண்டி எதற்கு என்றார். சரி, அது இப்போது வேண்டாம்.

தன் பின்னால் உட்காரலாம், இல்லையென்றால் தங்கையின் பின்னால் உட்காரலாம் என்று அவள் உன்னிடம் மெதுவாகச் சொன்னாள். நீ கொஞ்ச நேரம் வேலியைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு என்னிடம் வந்தாய். "தள்ளி உக்காரு" என்றாய், ஏதோ பஸ் சீட் மாதிரி.

அந்தச் சாலையைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் நீ வலப்பக்கம் இடப்பக்கம் பார்க்கவே இல்லை என்று நினைக்கிறேன். என் ஹெல்மெட்டின் பின்பக்கத்தைத்தான் பார்த்திருப்பாய். ஃப்ளோரன்ஸையும் சியெனாவையும் சேர்க்கும் 222ஆம் எண் சாலை. முன்னால் அவள், பின்னால் கடைசி ஆளாக இன்னொரு பையன், நடுவில் நாங்கள் வாத்துக்கூட்டம். ஓரமெல்லாம் சிவப்பு பாப்பிப் பூ, மேட்டில் மஞ்சளாக ஏதோ புதர். நம் கம்பம் பக்கம் பந்தல் போட்டுத் திராட்சையைத் தலைக்கு மேல் ஏற்றுவார்கள், நாம் குனிந்து ஓடுவோம். அங்கே இடுப்பளவுக்குக் கம்பி கட்டி, மலைச்சரிவு முழுக்கச் சீப்பால் வாரிவிட்டதுபோல் வரிசை வரிசையாக விட்டிருக்கிறார்கள். சில வரிசைகளின் முனையில் ஒரு ரோஜாச் செடி. சாம்பல் நோய் வந்தால் முதலில் ரோஜாவில் தெரிந்துவிடும் என்று நட்ட பழைய வழக்கமாம். அப்பா இருந்திருந்தால் இறங்கி இலையைத் திருப்பிப் பார்த்திருப்பார். விவசாய இலாகாவில் இருந்தவருக்கு அது போதும், அரை நாள் அங்கேயே ஓடியிருக்கும்.

பான்ஸானோ என்ற ஊரில் நிறுத்தினோம். அந்த அமெரிக்கப் பெண் போட்டோ எடுக்கிறேன் என்றதும் நீ சட்டென்று முன் சீட்டில் ஏறிக்கொண்டாய். நானும் பின்னால் உட்கார்ந்தேன். அந்தப் படம்தான் குடும்ப குரூப்பில் போனது. அதற்கு ஐம்பத்திச் சொச்சம் ஹார்ட்டு வந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை.

அங்கிருந்து கிரேவே என்ற ஊருக்கு ஒரே இறக்கம். இதைத்தான் எழுத வந்தேன்.

முதல் வளைவிலேயே நீ எதிர்ப்பக்கம் சாய்ந்தாய். நான் இடப்பக்கம் வளைக்கிறேன், நீ விறைத்துக்கொண்டு வலப்பக்கம் இழுக்கிறாய். வண்டி ஆடியது. "என் கூடவே சாயுண்ணே!" என்று கத்தினேன். நீ மாமாவிடம் சொன்ன கதையில் நான் கத்தியதாக வந்தது இதுவாகத்தான் இருக்கும். இரண்டாவது வளைவிலும் விறைப்பு. மூன்றாவதில் பின்கம்பியை விட்டுவிட்டு என் தோளைப் பிடித்தாய். அதற்குப் பிறகு வண்டியில் ஒரே ஆள் இருப்பதுபோல் வளைந்தது.

"அப்பா இங்கன என்ஜினை ஆஃப் பண்ணிருப்பாரு" என்றாய்.

குமுளியிலிருந்து லோயர் கேம்ப் வரைக்கும் பெட்ரோல் மிச்சம் பிடிக்க அப்பா நியூட்ரலில் இறக்குவாரே. நீ முன்னால் நின்றுகொண்டு ஹேண்டில்பாரைப் பிடித்திருப்பாய், நான் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவில் நசுங்கி, அப்பாவின் சட்டை முதுகைத் தவிர ஒன்றும் தெரியாமல். கொண்டை ஊசி வளைவு வந்ததை வயிற்றால்தான் தெரிந்துகொள்வேன். நீ ஒவ்வொரு வளைவையும் சத்தம் போட்டு எனக்குச் சொல்லுவாய். லாரி வருது, குரங்கு நிக்குது, அங்கன பாரு அருவி. எனக்கு எதுவும் தெரியாது என்று உனக்குத் தெரியும். அதனால்தான் சொல்லிக்கொண்டே வருவாய். அந்த அண்ணனை எனக்கு ரொம்பப் பிடிக்கும். அவன் எப்போது போனான் என்று நானும் யோசித்துப் பார்த்திருக்கிறேன்.

"இதுல நியூட்ரல் கிடையாதுண்ணே" என்றேன்.

அதற்குப் பிறகுதான் நீ அந்த இரண்டு வாக்கியங்களைச் சொன்னாய். ஆஸ்பத்திரி வராந்தாவைப் பற்றி, ஜனவரியைப் பற்றி. அதை நான் இங்கே எழுத மாட்டேன். பயப்படாதே. யார் வந்தார்கள், யார் வரவில்லை, பில்லை யார் கட்டினார்கள், பெட் பேனை யார் எடுத்தார்கள் என்றெல்லாம் ஊர் முன்னால் வைக்க எனக்கு ஆசை இல்லை. பில்லை எல்லாம் நீதான் கட்டினாய், அதைச் சித்தி எல்லோரிடமும் சொல்லியும் ஆயிற்று. ஆனால் அந்த இரண்டு வாக்கியங்களைக் கேட்கத்தான் நான் ஜனவரியிலிருந்து காத்திருந்தேன். என் முகத்தைப் பார்த்து உன்னால் சொல்லியிருக்க முடியாது. பின் சீட்டில் இருந்ததால், காற்றில் பாதி போய்விடும் என்ற தைரியத்தில் சொன்னாய். ஒரு எழுத்துக்கூடப் போகவில்லை. எல்லாம் கேட்டது. பதில் சொல்லாததற்குக் காரணம் எதிரில் ஒரு டிராக்டர் வந்ததுதான். அப்புறம் கிரேவேயின் முக்கோணச் சதுக்கத்தில் நிறுத்தியபோது நீ ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு அந்தச் சிலையைப் பார்த்து "வெரட்ஸானோ, 1524இல் நியூயார்க் துறைமுகத்துக்குள் போனவன்" என்று மறுபடி வாத்தியாராகிவிட்டாய். நானும் காபி வாங்கப் போய்விட்டேன்.

மத்தியானச் சாப்பாட்டில் வழிகாட்டிப் பெண் கருப்புச் சேவல் கதை சொன்னாள். ஃப்ளோரன்ஸுக்கும் சியெனாவுக்கும் எல்லைச் சண்டை. சேவல் கூவியதும் இரண்டு ஊரிலிருந்தும் ஒவ்வொரு குதிரைவீரன் கிளம்பவேண்டும், சந்திக்கும் இடம் எல்லை. சியெனாக்காரர்கள் வெள்ளைச் சேவலுக்கு நன்றாகத் தீனி போட்டு வளர்த்தார்கள். ஃப்ளோரன்ஸ்காரர்கள் கருப்புச் சேவலை இருட்டில் அடைத்துப் பட்டினி போட்டார்கள். பசியில் அது விடியுமுன்னே கூவியது. அவர்கள் ஆள் சியெனாவுக்குச் சுமார் 12 கிலோமீட்டர் வரை வந்துவிட்டான், கியாந்தி ஏறக்குறைய முழுக்க அவர்களுக்கே. கியாந்தி கிளாசிக்கோ ஒயின் பாட்டில் கழுத்தில் இருப்பது அந்தச் சேவல்தான். எல்லோரும் சிரித்தபோது நான் உன்னைப் பார்த்தேன். நீ ரொட்டியை ஆலிவ் எண்ணெயில் தோய்ப்பதில் மும்முரமாக இருந்தாய். (அந்த பாட்டிலை யார் குடித்தார்கள் என்பதும் இங்கே வராது. வண்டியைத் திருப்பிக் கொடுத்த பிறகுதான் ஊற்றினார்கள் என்பதை மட்டும் பதிவு செய்கிறேன்.)

இப்போது புரிகிறதா? யார் ஓட்டினால் என்ன, அதற்கா நான் இவ்வளவு எழுதுவேன்? ஆனால் முன்னால் உட்கார்ந்திருந்தது நீ என்றால், பின்னால் உட்கார்ந்து நீ சொன்னது எங்கே போகும்? அதைச் சொல்ல ஆளே இல்லாமல் போய்விடுகிறது. பந்தியில் ஒரு சிரிப்புக்காக அதை அழித்துவிட்டாய். வேணுமென்று செய்தாயா, தெரியாமல் செய்தாயா என்று இந்த ஒரு வாரமாக எனக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. தெரியாமல் என்றால் கோபம் இல்லை. வேணுமென்று என்றால், அதுவும் எனக்குப் புரியாமல் இல்லை, ஆனால் மன்னிக்க நாளாகும்.

அடுத்து சேத்தக். பெங்களூரில் பழைய வண்டி சேர்க்கிற யாரோ கேட்கிறார், ஆள் அனுப்புகிறேன் என்றாயே. அனுப்பாதே. நல்ல விலைதான், தெரியும். கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் பண்ணி, கிளட்ச் கேபிளும் இரண்டு டயரும் மாற்றிவிட்டேன். ஸ்டெப்னி மட்டும் பழசு. விடிகாலையில் ரோடு காலியாக இருக்கும்போது எடுக்கிறேன். முதல் கியரிலிருந்து இரண்டுக்குப் போகும்போது இன்னும் நின்றுவிடுகிறது. கால் தரைக்கு எட்டுகிறது.

ஆர்சி அப்பா பேரில் இருக்கிறது. என் பேருக்கு மாற்ற, வாரிசுச் சான்றிதழில் உள்ள மற்றவர்களின் ஆட்சேபணையில்லாக் கடிதம் வேண்டும் என்று ஆர்டிஓ ஆபீஸில் சொல்லிவிட்டார்கள். அம்மாவிடம் கையெழுத்து வாங்கியாயிற்று, எதற்கென்று கேட்கக்கூட இல்லை. உன்னுடையதைத் தனியாகக் கூரியரில் அனுப்பியிருக்கிறேன், பென்சிலில் பெருக்கல் குறி போட்ட இரண்டு இடம். ஆதார் நகலிலும் ஒரு கையெழுத்துப் போடு. புதன்கிழமைக்குள் வந்தால் நல்லது, வியாழன் எனக்கு லீவு.

தங்கச்சி