குவாரிக் குழியைப் பாறைத்தூள் சேற்றால் மூட அனுமதிக்க வேண்டாம்: ஆட்சியருக்குக் கோரிக்கை மனு

அனுப்புநர்
கிழக்கு எல்லைப் பஞ்சாயத்து விவசாயிகள் மற்றும் குடிநீர்ப் பயனாளிகள்,
சித்தூர் வட்டம், பாலக்காடு மாவட்டம்.

பெறுநர்
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
பாலக்காடு.

பொருள்: குத்தகை முடியும் நிலையிலுள்ள கருங்கல் குவாரியில் இறைக்கும் நீரை அளக்கவும், குழி மூடும் திட்டத்தைத் திருத்தவும் வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு வணக்கம்.

1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் தமிழ்ச் சிறுபான்மையினருக்குத் தரும் உரிமைப்படி இம்மனுவைத் தமிழில் அளிக்கிறோம்.

கேரளத்தின் சராசரி மழை ஏறத்தாழ 3,000 மி.மீ. மழை மறைவில் இருக்கும் எங்கள் பகுதியில் அதில் பாதிகூடப் பெய்வதில்லை. தென்னையும் நிலக்கடலையும் கிணற்றையும் குழல்கிணற்றையும் நம்பியே நிற்கின்றன. நிலத்தடி நீர் போனால் என்ன ஆகும் என்பதைப் கோகோ கோலா ஆலை நிலத்தடி நீரை உறிஞ்சியதற்கு எதிராகப் போராட்டம் நடந்த பிளாச்சிமடை இருக்கும் வட்டத்துக்கு விளக்க வேண்டியதில்லை.

இங்கே மேல்மண்ணுக்குக் கீழே முரம்பு, அதற்கும் கீழே சிதைந்த பாறை, பிறகு கெட்டிப் பாறை. நீர் நிற்பது சிதைந்த பாறையில். ஓடுவது கெட்டிப் பாறையின் வெடிப்புகளில். குவாரி அந்த வெடிப்புகளையே அறுத்துக்கொண்டு இறங்குகிறது. கிணற்று நீர்மட்டம் 15 மீட்டர் ஆழத்திலும் குவாரித் தளம் 30 மீட்டர் ஆழத்திலும் இருந்தால், நீர் எந்தப் பக்கம் இறங்கும் என்பதைச் சொல்ல நிபுணர் தேவையில்லை. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் நீரை இடைவிடாமல் இறைத்தால்தான் சுரங்கம் நடக்கும் என்பது ஊரறிந்த விஷயம். கல்குவாரியில் அளவு சிறியது என்பதால் இந்த இறைப்பை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

கணக்கு இதுதான். 10 குதிரைத்திறன் பம்பு ஒன்று 30 மீட்டர் ஆழத்திலிருந்து மணிக்குச் சுமார் 40,000 லிட்டர் ஏற்றும். 8 மணி நேரம் ஓடினால் 3 லட்சம் லிட்டருக்கு மேல். தென்னை ஒன்றுக்கு நாளொன்றுக்கு 100 லிட்டர் என்று வைத்தால் 3,000 மரத்துக்கான நீர் ஓடையில் போகிறது. மழைக்காலத்தில் இதில் பெரும்பகுதி மழைநீர் என்று குவாரித் தரப்பு சொல்வது சரிதான். ஆனால் ஏப்ரலிலும் பம்பு ஓடுகிறதே! குழியின் வடக்குச் சுவரில் ஆளுயரத்துக்கு மேலே சாய்வாக ஒரு கீறல் ஓடுகிறது. கோடையிலும் அதன் கீழே பாறை கறுத்து, பாசி பிடித்து, ஈரமாகவே இருக்கிறது. அது மழைநீர் அல்ல, ஊற்றுக்கண்.

பாதிப்பைத் தூரத்தை வைத்து மட்டும் அளப்பது தவறு. வெடிப்பு ஓடும் திசையில் 400 மீட்டர் தள்ளியுள்ள கிணறு வற்றலாம்; குறுக்குத் திசையில் 100 மீட்டரில் உள்ள கிணறு நிறைந்தே இருக்கலாம். அந்த ஒரு நிறைந்த கிணற்றைக் காட்டி மனுவைத் தள்ளுபடி செய்துவிடக் கூடாது.

வெடிமருந்தையும் கவனிக்க வேண்டும். அம்மோனியம் நைட்ரேட்டும் டீசலும் கலந்த மருந்தை ஈரத் துளையில் போட்டால் ஒரு பகுதி வெடிக்காமல் கரைந்து நைட்ரேட்டாக நீரில் சேரும். குடிநீரில் நைட்ரேட்டின் வரம்பு லிட்டருக்கு 45 மில்லிகிராம். ஈரத் துளைகளுக்கு நீரில் கரையாத எமல்ஷன் (குழம்பு வடிவ வெடிமருந்து) வகையைக் கட்டாயமாக்கினாலே இதில் பெரும்பகுதி குறையும்.

இனி எங்கள் முதன்மைக் கவலை. குவாரி ஓய்ந்ததும் குழியை எம்சாண்ட் (கல்லை நொறுக்கிச் செய்யும் மணல்) கழுவிய சேற்றாலும் கட்டட இடிபாடுகளாலும் நிரப்பி, மேலே மரக்கன்று நடுவதாகத் திட்டம் இருப்பதாக அறிகிறோம். பார்வைக்குப் பசுமையாக இருக்கும். ஆனால் அந்தச் சேறு மாவு போன்ற பாறைத்தூள். படிந்து இறுகினால் களிமண் மாதிரி நீரை விடாது. ஊற்றுக்கண்கள் அடைபடும், மேலே விழும் மழையும் உள்ளே இறங்காது. இடிபாட்டோடு குப்பையும் வந்தால் இன்னும் மோசம். மண்ணில் வடிகட்டப்படாமல் கசிவு நேராக வெடிப்புக்குள் போய்ச் சேரும்.

வெறுமனே திறந்து விடுவதும் தீர்வல்ல. குழியில் நீர் ஒரே மட்டமாக நிற்கும். முன்பு நிலத்தின் சாய்வுக்கேற்ப மேட்டில் உயர்ந்து நின்ற நீர்மட்டம் குழியின் மட்டத்துக்கு இறங்கிவிடும். இறைப்பை நிறுத்தினாலும் மேட்டுக் கிணறுகள் முழுதாகத் தேறா. பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் நாளுக்கு 5 மி.மீ. ஆவியானால் ஒரு ஹெக்டேர் நீர்ப்பரப்பிலிருந்து 50,000 லிட்டர் போகும்.

எனவே குழியின் அடிப்பகுதியைச் சுத்தமான மழைநீர்த் தேக்கமாக விட்டு, ஊற்றுக்கண் உள்ள சுவரோரம் தூளில்லாத கழிவுக்கல்லை மட்டும் அடுக்கச் சொல்ல வேண்டும். உள்ளே வரும் வாய்க்காலில் இரட்டை வண்டல் தொட்டியும் சுற்றிலும் வேலியும் வேண்டும். தனியே குவித்து வைத்த மேல்மண்ணை, குழிச் சுவரில் படிபோல் வெட்டும் தட்டுகளில் மேலே உள்ளவற்றில் ரோலர் ஓட்டாமல் பரப்ப வேண்டும். அந்தத் தட்டுகளை, 5 மீட்டர் உயரமும் 5 மீட்டர் அகலமுமாக, இப்போதே வெட்டச் சொல்லுங்கள். எல்லைவரை செங்குத்தாகக் கல்லெடுத்துவிட்டால் பிறகு தட்டு அமைக்க இடமிருக்காது.

இத்துடன் பம்பில் நீர்மானி, வெடிப்பின் திசையில் இரண்டும் குறுக்கே இரண்டுமாக நான்கு கண்காணிப்புக் குழல்கிணறுகள், ஏப்ரலிலும் நவம்பரிலும் நீர்மட்டமும் நைட்ரேட்டும் அளந்து பஞ்சாயத்துப் பலகையில் ஒட்டுதல் ஆகியவற்றுக்கு உத்தரவிட வேண்டுகிறோம். கிணறு வற்றிய வீடுகளுக்கு மாவட்ட கனிம அறக்கட்டளை நிதியிலிருந்து குழாய் நீர் தர வேண்டும்.

கள ஆய்வைக் கோடையில், மழையில்லாத நாளில் வையுங்கள். பம்பை நிறுத்தி, 24 மணி நேரத்தில் குழியில் நீர் எவ்வளவு ஏறுகிறது என்று அளந்தால் போதும். ஒரு ஏக்கர் தளத்தில் 5 செ.மீ. ஏறினால் ஊற்று நாளுக்கு 2 லட்சம் லிட்டர். குவாரித் தரப்பும் நாங்களும் அருகில் நிற்கும்போதே இதை அளக்க வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
கிழக்கு எல்லைப் பஞ்சாயத்து விவசாயிகள் மற்றும் குடிநீர்ப் பயனாளிகள்
(கையொப்பங்கள் தனித்தாளில்)