யாக்கோபுவை ஏன் விட்டுவிட்டீர்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இயேசுவின் அறப்போதனையையும், அவருக்குப் பின் அவர் செய்தியைப் பரப்பிய பவுலின் அறப்போதனையையும் ஒப்பிடும் தொடரின் முதல் பகுதியைச் சென்ற இதழில் படித்தேன். ஏழைகளோடு உட்கார்ந்து சாப்பிட்ட கலிலேயர் ஒருபுறம். அவர் சொன்னதையெல்லாம் வறட்டுக் கொள்கையாக்கி, ராஜாவுக்கு அடங்கிப் போகச் சொன்ன படிப்பாளி மறுபுறம் என்று இருவரையும் எதிரெதிரே நிறுத்தியிருக்கிறார் கட்டுரையாளர். இந்த வழக்கு மிகப் பழையது. இயேசுவின் போதனைகளை முதலில் கெடுத்தவர் பவுல்தான் என்று அமெரிக்காவின் முன்னாள் அதிபர் தாமஸ் ஜெஃபர்சன் 1820-இல் ஒரு கடிதத்தில் எழுதினார். காந்தியடிகளும் இயேசுவின் மலைப்பிரசங்கத்துக்குக் கொடுத்த இடத்தைப் பவுலின் நிருபங்களுக்கு, அதாவது கடிதங்களுக்கு, கொடுக்கவில்லை. யார் சொன்னாலும் சரி, முக்கியமான சாட்சியைக் கூப்பிடாமலே தீர்ப்பெழுதுவது முறையல்ல. அந்தச் சாட்சி யாக்கோபு. நான்கு பக்கக் கட்டுரையில் அவர் பெயர் ஒருமுறைகூட வரவில்லை.

இவர் இயேசுவின் சகோதரர் என்று பவுலே கலாத்தியருக்கு எழுதியிருக்கிறார். எருசலேம் சபையின் தலைவராக இருந்து, கி.பி. 62-இல் தலைமை ஆசாரியன் அன்னாவின் ஏற்பாட்டில் கல்லெறியுண்டு இறந்ததை யூத வரலாற்றாசிரியர் ஜோசிஃபஸ் பதிவு செய்திருக்கிறார். புதிய ஏற்பாட்டில் இவர் பெயரில் ஒரு சிறு நிருபம் இருக்கிறது. அதை இவரே எழுதினாரா, பிற்காலத்தில் வேறொருவர் இவர் பெயரில் எழுதினாரா என்பதில் அறிஞர்கள் ஒத்துப்போவதில்லை. எழுதியவர் எவரானாலும், மலைப்பிரசங்கத்துக்கு இத்தனை நெருக்கமான நிருபம் வேறில்லை. சத்தியம் பண்ணாதே, ஆம் என்றால் ஆம், இல்லை என்றால் இல்லை என்று மத்தேயுவில் வருவது இதில் ஏறக்குறைய அப்படியே வருகிறது. சேர்த்து வைத்ததைப் பூச்சி அரிக்கும், துரு தின்னும் என்பதும் வருகிறது. ஆனால் சிலுவையைப் பற்றி ஒரு வரி இல்லை, உயிர்த்தெழுதல் பற்றியும் இல்லை. இயேசுவின் பெயரே இரண்டு இடத்தில்தான் இருக்கிறது. பெயர் சொல்லாமல் குரலை மட்டும் கேட்க வைக்கிற எழுத்து இது. கிறிஸ்தவச் சீர்திருத்தத் தலைவர் மார்ட்டின் லூத்தர் 1522-இல் இதை வைக்கோல் நிருபம் என்று தள்ளினார். அவருக்கு விசுவாசம் ஒன்றே போதுமாக இருந்தது. யாக்கோபுவுக்கு அது போதவில்லை.

அந்த நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில் ஒரு காட்சி. சபை கூடியிருக்கிறது. பொன்மோதிரமும் மினுக்கும் உடையுமாக ஒருவன் வருகிறான், நல்ல இடத்தில் உட்கார வைக்கிறார்கள். அழுக்குத் துணியோடு ஓர் ஏழை வருகிறான், அங்கே நில், இல்லாவிட்டால் என் கால்மாட்டில் உட்கார் என்கிறார்கள். யாக்கோபு கொதித்துப் போகிறார். வடக்கன்குளத்துக் கிறிஸ்தவக் கோயிலுக்குள் சாதியைப் பிரிக்கச் சுவர் வைத்திருந்த வரலாறு தெரிந்தவர்களுக்கு இந்த அதிகாரத்தைச் சாதாரணமாகக் கடந்துபோக முடியாது. ஐந்தாம் அதிகாரத்தில், வயலை அறுத்தவர்களுக்குக் கொடுக்காமல் பிடித்து வைத்த கூலி கூக்குரலிடுகிறது என்று பணக்காரர்களைப் பார்த்துச் சொல்கிறார்.

இனி கொரிந்தியருக்குப் பவுல் எழுதிய முதல் நிருபத்தின் பதினோராம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். திருவிருந்து என்ற பெயரில் கொரிந்தில் வசதியுள்ளவர்கள் முந்திக்கொண்டு சாப்பிடுகிறார்கள், சிலர் வெறியேறக் குடிக்கவும் செய்கிறார்கள். இல்லாதவர்கள் பசியோடு இருக்கிறார்கள். இல்லாதவர்களை வெட்கப்படுத்துகிறீர்களா என்று பவுல் சீறுகிறார். எதிரிகள் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும் இருவருக்கும் ஒரே இடத்தில்தான் கோபம் வருகிறது.

அப்படியானால் விசுவாசமா கிரியையா, அதாவது நம்பிக்கையா நற்செயலா, என்ற சண்டை? இருவருமே யூதர்களின் மூதாதை ஆபிரகாமைத்தான் சாட்சிக்கு இழுக்கிறார்கள், ஆதியாகமத்தின் அதே வசனத்தைக் காட்டி எதிரெதிர் முடிவுக்கு வருகிறார்கள். உண்மைதான். ஆனால் அவர்கள் யாரோடு சண்டை போட்டார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். கலாத்தியாவில் பவுல் மல்லுக்கு நின்றது, யூதரல்லாதவர்களும் யூத வழக்கப்படி விருத்தசேதனம் (நுனித்தோல் நீக்கம்) செய்தே ஆகவேண்டும் என்றவர்களோடு. யாக்கோபுவின் நிருபம் மல்லுக்கு நிற்பது, உடுக்கத் துணியில்லாத சகோதரனைப் பார்த்து, போய்க் குளிர்காய்ந்து பசியாறு என்று வாயால் மட்டும் சொல்லி அனுப்புகிறவர்களோடு. பசித்தவனுக்குச் சோறு போடாதே என்று பவுல் எங்கும் சொல்லவில்லை. அந்தியோகியாவில் யாக்கோபுவிடமிருந்து ஆட்கள் வந்ததும் இயேசுவின் சீடர் பேதுரு, யூதரல்லாதவர்களோடு உண்ட பந்தியை விட்டு எழுந்துபோனதையும், பவுல் அவரை முகத்துக்கு நேரே கண்டித்ததையும் கட்டுரையாளர் சொல்கிறார். கலாத்தியர் நிருபத்தின் அதே அதிகாரத்தில் அதற்குச் சற்று முன்பு, யாக்கோபு முதலான தலைவர்கள் தம்மிடம் ஏழைகளை நினைத்துக்கொள்ளுமாறு மட்டுமே கேட்டார்கள், அதைச் செய்ய நானும் ஆவலாக இருந்தேன் என்று பவுல் எழுதியிருப்பது அவர் கண்ணில் படவில்லை. வெறும் பேச்சோடும் பவுல் நிற்கவில்லை. மக்கெதோனியாவிலும் அகாயாவிலும் காணிக்கை திரட்டி, யாக்கோபுவின் சபையிலிருந்த ஏழைகளுக்குக் கொண்டுபோனார். அந்தப் பயணத்தில்தான் எருசலேமில் கைதானார்.

பவுலின் ரோமர் நிருபத்தின் 13-ஆம் அதிகாரம் பற்றி எனக்கும் கட்டுரையாளருக்கும் சண்டையில்லை. எல்லா ஆட்சியதிகாரமும் கடவுளால் உண்டானது என்ற அந்த ஏழு வசனங்களை வைத்துக் கொடுங்கோலர்கள் குளிர்காய்ந்தார்கள். அதற்கு முந்தைய பத்தியில்தான், துன்புறுத்துகிறவர்களை ஆசீர்வதியுங்கள், பழிவாங்காதீர்கள் என்று மலைப்பிரசங்கத்தின் சாரமே இருக்கிறது என்று சமாதானம் சொல்லலாம், முழு சமாதானமாகாது. பிலேமோன் என்ற எஜமானுக்கு அவருடைய அடிமை ஒநேசிமுவைப் பற்றி எழுதிய நிருபத்திலும் எனக்கு அதே சங்கடம். இனி ஒநேசிமுவை அடிமையாக அல்ல, அன்பான சகோதரனாக ஏற்றுக்கொள், அவன் பட்ட கடனை என் கணக்கில் எழுது என்கிறார் பவுல். மனம் உருகத்தான் செய்கிறது. ஆனால் விடுதலை செய் என்ற ஒரு சொல்லை நேராகச் சொல்லியிருந்தால், பிற்காலத்து அடிமை வியாபாரிகளுக்கு அந்த நிருபம் பயன்பட்டிருக்காது.

கட்டுரையாளர் காட்டும் மற்ற வேறுபாடுகள் பலவும் கேட்டவர்கள் வேறு என்பதால் வந்தவை. வலையையும் வீட்டையும் விட்டு வா என்று இயேசு அழைத்தார். பவுலிடம் வந்தவர்கள் பட்டணத்தில் குடும்பத்தோடு இருந்தவர்கள். கடையில் விற்கிற, சிலைகளுக்குப் படைத்த இறைச்சியை வாங்கலாமா, விசுவாசியாகாத கணவனோடு வாழலாமா என்பதெல்லாம் அவர்கள் பாடு. மணவிலக்கைப் பற்றி எழுதும்போது, இது கர்த்தர் சொன்னது, இது நான் சொல்வது என்று பவுல் பிரித்தே எழுதுகிறார். தன் சொல்லை இயேசுவின் தலையில் கட்டுகிற ஆள் இப்படி எழுதமாட்டார்.

மூன்று திருத்தங்கள். சுவிசேஷங்களைப் பவுல் திரித்தார் என்பது காலக்கணக்குக்கே ஒத்துவராது. அவருடைய நிருபங்கள் கி.பி. 50-களைச் சேர்ந்தவை, மாற்கு சுவிசேஷம் ஏறத்தாழ 70-ஐ ஒட்டியது. பெண்கள் அமைதலாயிருக்க வேண்டும் என்று தீமோத்தேயு நிருபத்திலிருந்து காட்டிய வசனம் பவுலுடையதல்ல என்பதே பெரும்பாலான ஆய்வாளர்களின் முடிவு. ரோமர் 16-இல் அவர் பாராட்டும் பெபேயாளும் பிரிஸ்கில்லாளும் சபைக்கு உழைத்த பெண்கள். வாங்குவதைவிடக் கொடுப்பதே பாக்கியம் என்ற இயேசுவின் வாக்கு நான்கு சுவிசேஷங்களிலும் இருப்பதாகக் கட்டுரை சொல்கிறது. ஒன்றிலும் இல்லை. அப்போஸ்தலர் நடபடிகளில் எபேசு மூப்பர்களிடம் விடைபெறும்போது அதைச் சொல்கிறவர் பவுல்.

தொடரின் அடுத்த பகுதியில் யாக்கோபுவுக்கு ஒரு பக்கமாவது ஒதுக்குமாறு கட்டுரையாளரிடம் சொல்லுங்கள். அந்த நிருபம் ஐந்தே அதிகாரம்தான்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
பாளையங்கோட்டை